12 வாரப் பயிற்சியில் உருப்படியானது 3 வாரம்

கேரியர் பிரேக்குக்குப் பிறகு வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கென்று இணையத்தில் நடத்துகிற 12 வாரப் பயிற்சி ஒன்றில் 2024 கடைசியில் சேர்ந்தேன். முழுக் கட்டணம் கட்டி, ஒரு வகுப்பு விடாமல் (சரி, மூன்று விட்டேன்) முடித்தேன். நடத்துகிற நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. சேருவதற்கு முன் இதே மாதிரி நான்கு பயிற்சிகளின் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் நான். அட்டைதான் வேறு, உள்ளே அதே சரக்கு. நான் எழுதப்போகிற குறைகளில் பாதியாவது நீங்கள் சேரப்போகிற இடத்திலும் இருக்கும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதிப்புரை எழுதுகிறவரின் நிலைமை தெரியாவிட்டால் அவர் போடுகிற மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இல்லை. நான் கணக்குக்காரன். 2009 முதல் 2017 வரை நடுத்தர நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் இருந்தேன். மாதக் கணக்கை முடிப்பது, தணிக்கைக்கு ஃபைல் தயார் செய்வது, இதுதான் பிழைப்பு. 2017-இல் அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். அப்புறம் வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். மனைவிக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். யார் வீட்டில் இருப்பது என்ற கணக்கைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தினமும் காலை எட்டரை மணிக்கு அப்பா கேட்பார், "ஆபீஸுக்கு நேரமாகலையாடா?" நான், "இன்னைக்கு லீவுப்பா" என்பேன். ஏழு வருடம் அப்படி லீவு போட்டேன். 2024 தொடக்கத்தில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகும் எட்டரை மணிக்கு யாரோ கேட்கப்போகிறார்கள் என்று காது காத்திருந்தது.

எங்கள் பேட்சில் 23 பேர். நான் ஒருவன்தான் ஆண். முதல் நாள் வகுப்பில் "அன்பான அம்மாக்களே" என்று ஆரம்பித்த ஒருங்கிணைப்பாளர், என் முகம் திரையில் தெரிந்ததும், "அன்பான அம்மாக்களே, அப்புறம் சாரும்" என்று திருத்திக்கொண்டார். கடைசி வாரம் வரை நான் 'அப்புறம் சார்'தான். பாடத்தில் வந்த எல்லா உதாரணமும் பிரசவம், பள்ளிக்கூடம், பிள்ளை பெரிதாகிவிட்டது என்ற வரிசையில்தான். நம் ஊர்களில் வேலையை விடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பெற்றோரையோ கணவரையோ பார்த்துக்கொள்ள விட்டவர்கள் அந்த 22 பேரிலேயே ஆறு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அந்த உதாரணங்கள் ஒட்டவில்லை. கேட் வைஷார் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெற்றோர் என்று தெரிகிற மாதிரி கற்பனை விண்ணப்பங்கள் தயாரித்து நிறுவனங்களுக்கு அனுப்பினார். சிலர் வேலையில் இருப்பவர்கள், சிலர் வேலை பறிபோனவர்கள், சிலர் குடும்பத்துக்காகத் தாமாகவே விட்டவர்கள். கடைசி வகையினருக்குத்தான் அழைப்பு மிகக் குறைவாக வந்தது, வேலை பறிபோனவர்களுக்கு வந்ததைவிடவும் குறைவு. அம்மாவானாலும் அப்பாவானாலும் அதே கதை. இதை நான் வகுப்பில் சொன்னபோது, "நெகட்டிவ் விஷயம் வேண்டாம் சார்" என்று ஒருங்கிணைப்பாளர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

முதல் நான்கு வாரம் 'தன்னம்பிக்கை'. சீக்கிரம் கடந்துவிடுகிறேன். கண்ணாடி முன் நின்று ஐந்து வாக்கியம் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய உங்களுக்கு நீங்களே கடிதம் எழுத வேண்டும். வீட்டு நிர்வாகத்தில் நீங்கள் கற்ற 'திறன்களை' அலுவலக மொழியில் பெயர்க்க வேண்டும். அப்பாவின் மாத்திரை அட்டவணையை 'பல தரப்பு ஒருங்கிணைப்பு' என்று நானும் எழுதிக் கொடுத்தேன், பாராட்டினார்கள். அந்த வரியைப் படித்து என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்கே பாதிக் கட்டணம் சரியாகிவிட்டது. எங்கள் பேட்சில் சிலருக்கு இந்தப் பகுதி உண்மையாகவே உதவியது என்று பிற்பாடு சொன்னார்கள். பல வருடம் கழித்து ஆறு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லிப் பேசியதே பெரிய விஷயம் என்றார் ஒருவர். எனக்கு இருந்த பயம் வேறு மாதிரி. எனக்குத் தொழில் மறந்துவிட்டதா, அல்லது தொழிலே மாறிவிட்டதா என்று தெரியாத பயம். கண்ணாடி அதைச் சொல்லாது.

ஐந்து, ஆறாம் வாரம் ரெஸ்யூமே. இங்கே ஒரு குறை, ஒரு நிறை. குறை என்னவென்றால், எல்லாருக்கும் ஒரே அச்சு. திறன்களை மேலே குவித்து, வேலை பார்த்த விவரத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்கிற அச்சு. அதை வைத்து 19 இடங்களுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது, அதுவும் தானியங்கி. ஆளெடுக்கும் வேலையில் இருக்கிற பழைய நண்பன் ஒருவனிடம் காட்டினேன். "எதையோ மறைக்கிறான்னு முதல் பார்வையிலேயே தெரியுதுடா" என்றான். நிறை, ஒரு பயிற்சியாளர் போகிற போக்கில் சொன்ன குறிப்பு. வேலை பார்த்த இடத்துக்கு நேரே '2009 முதல் 2017 வரை' என்று போடாமல் '8 ஆண்டுகள்' என்று போடுங்கள் என்றார். ஏதோ தந்திரம் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால், பிரிட்டனில் 9,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் அனுப்பிச் செய்த பரிசோதனை ஒன்று 2023-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்திருக்கிறது. தேதிக்குப் பதிலாக ஆண்டுகளின் எண்ணிக்கையைப் போட்டால், தேதி போட்ட ரெஸ்யூமேக்களில் இடைவெளி உள்ளவற்றைவிட சுமார் 15 சதவீதமும், இடைவெளி இல்லாதவற்றைவிடவே சுமார் 8 சதவீதமும் அழைப்புகள் கூடினவாம். ஆக, பழையபடி வரிசையான ரெஸ்யூமே, அதில் '8 ஆண்டுகள்', அதற்கு மேல் 'குடும்பப் பராமரிப்புக்கான இடைவெளி, 7 ஆண்டுகள்' என்று ஒரே வரி. நான் எதையும் மறைக்கவில்லை, விளக்கவும் இல்லை. லிங்க்ட்இன்னிலும் 2022 முதல் கேரியர் பிரேக்கை ஒரு பதவி மாதிரியே வரிசையில் சேர்க்கலாம், காரணப் பட்டியலில் பராமரிப்பும் இருக்கிறது. அதை எப்படிச் சேர்ப்பது என்று காட்ட ஒரு முழு வகுப்பு எடுத்தார்கள். இரண்டு நிமிட வேலை அது.

இனி அந்த மூன்று வாரத்துக்கு வருகிறேன். ஏழு முதல் ஒன்பது வரை. துறை வாரியாகப் பிரித்து, கணக்கியல் ஆட்கள் ஐந்து பேரை ஒரு மேடத்திடம் ஒப்படைத்தார்கள். தணிக்கையில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஸ்லைடே கிடையாது. எல்லாருக்கும் பொதுவான ஒரு எக்செல் ஃபைலைத் திறந்துவைத்து, "வேலையை ஆரம்பிங்க" என்பார். நாங்கள் செய்துகொண்டிருக்கும்போதே யாருடைய தாளில் எது தப்பு என்று சிவப்பில் எழுதிக்கொண்டே போவார்.

முதல் நாள் இரண்டு பட்டியல்களை ஒத்துப்பார்க்கும் வேலை. நான் வீலுக்அப் தலைமுறை. ஒரு பட்டியலில் தேடி, அதற்கு நேரே இருப்பதை எடுத்துத் தருகிற எக்செல் சூத்திரம் அது. கண்ணை மூடிக்கொண்டு அடித்து முடித்தேன். மேடம் என் தாளில் நடுவே ஒரு நெடுக்குப் பத்தியை நுழைத்தார். தொகை வந்துகொண்டிருந்த இடமெல்லாம் தேதி வந்து நின்றது. வீலுக்அப் 'நான்காவது பத்தி' என்று எண்ணித்தான் எடுக்கும், இடையில் ஒன்று நுழைந்தால் அதற்குத் தெரியாது. "ஏழு வருஷத்துக்கு முன்னாடி இதுக்கு வேற வழி சுலபமா இல்ல சார். இப்ப இருக்கு" என்று எக்ஸ்லுக்அப்பைக் காட்டினார். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எந்தப் பத்தியில் தேட வேண்டும், எந்தப் பத்தியிலிருந்து எடுக்க வேண்டும் என்று இரண்டையும் நேராகக் காட்டிவிடலாம். இடப்பக்கமும் பார்க்கும். வீலுக்அப்பில் கடைசியில் ஃபால்ஸ் போட மறந்தால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு வந்து நிற்குமே, அந்தத் தொல்லை இதில் இல்லை, சொல்லாமலே சரியாகப் பொருந்துவதைத்தான் எடுக்கும். எட்டு வருடம் அந்த ஃபால்ஸை மறந்து இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அடுத்த வாரம்தான் சரியான அடி விழுந்தது. தாளில் இருந்த கணக்கு இதுதான். ஒரு கட்டடத்தை 3 வருடத்துக்குக் குத்தகைக்கு எடுக்கிறீர்கள். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 10,000 கட்ட வேண்டும். வட்டி விகிதம் 10 சதவீதம். முதல் வருடப் பதிவுகளைப் போடுங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாடகைச் செலவு 10,000 பற்று, வங்கி 10,000 வரவு. இரண்டு வரி. ஐந்து பேரில் முதலில் முடித்தது நான்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் இரண்டாவது வரிக்குக் கீழே சிவப்பில் எழுத்து ஓடியது: "கட்டடம் எங்கே சார்?"

எனக்குப் புரியவில்லை. கட்டடம் அடுத்தவருடையது, நம் புத்தகத்தில் அதற்கு என்ன வேலை?

இங்கேதான் ஏழு வருடம் என் முன்னால் வந்து நின்றது. சர்வதேசக் கணக்கியல் விதிகளில் ஒன்றான ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற குத்தகைத் தரநிலை 2016 ஜனவரியில் வெளியானது. நான் வேலையில் இருந்த காலம்தான். அமலுக்கு வருவது 2019 ஜனவரி 1 என்றார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். அந்த 2019-இல் நான் அப்பாவுக்குச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதன்படி, 12 மாதத்துக்குள் முடிகிறவையும் அற்ப மதிப்புள்ளவையும் போக, மற்றக் குத்தகைகளை எல்லாம் எடுத்தவரின் பேலன்ஸ் ஷீட்டில் (சொத்தையும் கடனையும் காட்டுகிற அறிக்கை) காட்டியாக வேண்டும். பயன்படுத்தும் உரிமை ஒரு பக்கம் சொத்து, கட்ட வேண்டிய பாக்கி மறுபக்கம் கடன். முன்பெல்லாம் பல விமான நிறுவனங்கள் குத்தகை விமானத்தில்தான் பறந்தன, ஆனால் அவற்றின் பேலன்ஸ் ஷீட்டில் அந்த விமானம் இருக்காது. சர்வதேசக் கணக்கியல் தர வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, சாவதற்குள் பேலன்ஸ் ஷீட்டில் இருக்கிற ஒரு விமானத்தில் பறந்துவிட வேண்டும் என்று 2008-இல் கேலியாகச் சொன்னது இதைத்தான். மேடம் இதைச் சொல்லிவிட்டு, "நீங்க இன்னும் பழைய விமானத்துலயே இருக்கீங்க சார்" என்றார். கோபம் வரவில்லை. ஏழு வருடத்தில் யாரும் என் வேலையைப் பார்த்துத் தப்பு என்று சொன்னதில்லை, அது எனக்கு வேண்டியிருந்தது.

போட்டு முடித்தபோது கணக்கு இப்படி வந்தது. மூன்று தவணைகளின் இன்றைய மதிப்பு, அதாவது வட்டியைக் கழித்தால் நிற்பது, 24,869. அதுதான் சொத்து, அதுதான் கடன். முதல் வருடம் வட்டி 2,487, தேய்மானம் (சொத்தின் மதிப்பை மூன்று வருடத்துக்குச் சமமாகப் பிரித்தது) 8,290, ஆகச் செலவு 10,777. கையிலிருந்து போனது 10,000தான். இரண்டாம் வருடம் 10,025. மூன்றாம் வருடம் 9,199. கூட்டினால் (சில்லறை வித்தியாசம் போக) அதே 30,000. மொத்தத்தில் ஒன்றும் மாறவில்லை, எந்த வருடம் எவ்வளவு சுமை என்பது மட்டும் மாறிவிட்டது. பழைய முறையில் மூன்று வருடமும் 10,000, 10,000, 10,000 என்று சமமாக ஓடியிருக்கும். முன்வருடங்களில் லாபம் ஏன் குறைகிறது என்று மேலாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தத் தாளை அன்று இரவு நான்கு தடவை அழித்துப் போட்டேன்.

பத்தாம் வாரம் மாக் இன்டர்வியூ, அதாவது நேர்காணல் ஒத்திகை. அதிலும் அதே மேடம் அமைந்தது என் அதிர்ஷ்டம், ஏனென்றால் மற்ற குழுக்களுக்கு வந்தவர் கேள்வியைத் தாளைப் பார்த்துப் படித்தாராம். "இடைவெளியைப் பற்றிச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அப்பாவின் நோய், எட்டரை மணிக் கேள்வி, லீவு, எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன், ஐவரில் ஒருவர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். மேடம் கடிகாரத்தைக் காட்டினார். 2 நிமிடம் 40 விநாடி. "இது ரொம்ப நல்லா இருக்கு சார். இதை இன்டர்வியூல சொல்லாதீங்க. கேக்கறவங்களுக்கு அடுத்து என்ன பேசறதுன்னு தெரியாம போயிடும்." அப்புறம் வெட்டினோம். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "அப்பாவின் உடல்நிலைக்காக ஏழு வருடம் விலகியிருந்தேன். அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. குத்தகைக் கணக்கில் வந்த மாற்றத்தையும் எக்செல்லில் வந்ததையும் பழகிக்கொண்டேன். உங்களுக்கு மாதக் கணக்கு எத்தனை நாளில் முடிகிறது?" இருபது விநாடி. அந்தக் கடைசிக் கேள்வி அவர் சேர்த்தது. கேட்டதும் பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும் என்றார். பிறகு நிஜ இன்டர்வியூ மூன்றிலும் திரும்பியது.

குறைகளைச் சொல்ல வேண்டும். பெரிய குறை விளம்பரத்தில். 'ரிட்டர்ன்ஷிப் பயிற்சி' என்று போட்டிருந்தார்கள். ரிட்டர்ன்ஷிப் என்பது வேறு. இடைவெளி விட்டு வருகிறவரை ஒரு நிறுவனம் சில வாரமோ சில மாதமோ சம்பளம் கொடுத்து வேலையில் வைத்துப் பார்ப்பது. கோல்ட்மேன் சாக்ஸ் 2008-இல் தொடங்கி அந்தச் சொல்லையே வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டது. அதில் அவர்கள் நமக்குக் காசு தருவார்கள். இதில் நாம் அவர்களுக்குக் காசு தருகிறோம். இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ந்த இரண்டு பேர் எங்கள் பேட்சில் இருந்தார்கள், பத்தாம் வாரம் வரை தங்களுக்கு எங்கே வேலை போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'ஆளெடுக்கும் கூட்டாளி நிறுவனங்கள்' என்று விளம்பரத்தில் இருந்தது கடைசியில் ஒரு வேலைவாய்ப்புத் தளத்தின் இணைப்பாக முடிந்தது. அந்தத் தளம் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது.

இன்னொன்று, நேரம். நேரடி வகுப்பு எல்லாம் காலை பத்து மணிக்கு. வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இதற்கு வருகிறார்கள் என்று தெரிந்தும் அந்த நேரம். ரெக்கார்டிங் 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். காய்ச்சலில் கிடந்த மகனோடு இருந்த ஒருவர் ஒன்பதாம் வாரத்தை முழுதாக இழந்தார், திறந்துவிடச் சொல்லி நான்கு மெயில் போட்டார், விதிமுறையை ஒட்டி அனுப்பினார்கள். கடைசியில் நான் என் குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்பினேன். "தேங்க்ஸ்ணா, உங்க கையெழுத்துதான் புரியல" என்று பதில் வந்தது.

மதிப்பெண் போடு என்றால் மொத்தத்துக்கு ஐந்துக்கு இரண்டரை. ஏழு, எட்டு, ஒன்பது, பத்தாம் வாரத்துக்கு மட்டும் ஐந்து. (தலைப்பில் மூன்று வாரம் என்று போட்டேன், மாக் இன்டர்வியூ எனக்கு வாய்த்த ஆளைப் பொறுத்தது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.) சேரப்போகிறவர்கள் கட்டணம் கட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான் செய்த வேலையை என் துறைக்காரர் ஒருவர் உட்கார்ந்து திருத்துவாரா, எத்தனை மணி நேரம்? "எங்களிடம் 61 காணொளிகள் இருக்கின்றன" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். எனக்கு அதுதான் பதிலாக வந்தது, நான் வைக்கவில்லை, மேடம் கிடைத்தது தற்செயல். துறைக்காரர் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் இந்தப் பயிற்சியே வேண்டாம், அவரைக் கெஞ்சி ஆறு ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, பழைய சக ஊழியர் ஒருவர் மூலமாக. 2017-இல் இருந்த பதவியைவிட ஒரு படி கீழே. என் மேலாளர் என்னைவிடப் பதினோரு வயது சின்னவர், என்னை 'சார்' என்பதா பெயர் சொல்வதா என்று முதல் வாரம் தடுமாறி இப்போது பெயரில் நின்றிருக்கிறார். எனக்கு அது சௌகரியமாகவே இருக்கிறது. தேர்வில் கொடுத்தது இரண்டு பட்டியல்களை ஒத்துப்பார்க்கும் வேலை. எக்ஸ்லுக்அப் போட்டேன்.

பயிற்சித் தளத்தில் என் லாகின் அடுத்த மாதம் முடிகிறது என்று மெயில் வந்திருக்கிறது, புதுப்பித்தால் சலுகையாம். 61 காணொளிகளில் எதையும் இறக்கிக்கொள்ளவில்லை. அந்தக் குத்தகைத் தாளை மட்டும் இறக்கி, அலுவலகக் கணினியில் வைத்திருக்கிறேன். என் இரண்டு வரிப் பதிவும் அதன் கீழே சிவப்பில் "கட்டடம் எங்கே சார்?" என்பதும் அப்படியே இருக்கின்றன. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கிடங்குக் குத்தகைக்கு வாடகைச் செலவு என்று இரண்டு வரி போட்டு, முடித்துவிட்டேன் என்று வந்து நின்றான். தாளைத் திறந்து அவன் பக்கம் திருப்பினேன்.